சோதனைக் கோரிக்கை எண் ஏழு

பணிப்பாய்வு என்று பெயர்.
காலையிலிருந்து ஓரடி பாயவில்லை.

ஏப்ரல் கடைசி. ஔலுவில் இரவு பத்தரைக்கும்
வானத்தின் ஓரம் அணையாமல் கிடக்கிறது.
அலுவலகத்தில் நானும்
மேசைக்கடியில் கால் சுடும் சர்வரும்.
மகளை நீச்சலுக்கு அழைத்துப்போக
இல்மரி ஐந்துக்கே கிளம்பிவிட்டான்.
போகிறபோக்கில் சொன்னான்: எளிதுதான், நாலே கட்டளை.

முதல் கட்டளை.
எட்டாயிரத்து எண்பதாம் போர்ட்டில்
ஏற்கெனவே யாரோ குடியிருக்கிறார்கள்.
தேடினால், போன அக்டோபரில் இல்மரி
ஏவிவிட்டு மறந்த ஏதோ ஒன்று,
யாரும் கேட்காத கேள்விக்கு
நொடிக்கொருதரம் நலம் நலம் என்று
பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.
கொல் என்றுதான் அந்தக் கட்டளைக்குப் பெயர்.
கொன்றேன். கொஞ்சம் பொறுத்துத்தான்.

இரண்டாவது.
தரவுத்தளம் கதவைத் திறந்தது, கடவுச்சொல்லும் சரி,
ஆனால் சேவைக் கணக்குக்கு
அட்டவணை உருவாக்கும் உரிமை இல்லையாம்.
சாமி கொடுத்தாயிற்று.
பூசாரி இங்கே ஒரு சிறு கட்டம், டிக் அடித்தால் போதும்.
அந்தக் கட்டம் எந்தத் திரையில் என்று கண்டுபிடிக்க
ஒன்றரை மணிநேரம், இரண்டு ஏலக்காய் பன்.

மூன்றையும் நான்கையும் பற்றிச் சொல்ல மாட்டேன்.
அவை என் குற்றம்.

பன்னிரண்டு தாண்டி,
சிவப்பு வரிகளுக்கெல்லாம் கீழே ஒரு பச்சை வரி:
சேவை இயங்குகிறது.

சோதிக்கக் கோரிக்கை வேண்டும்.
ஆறு அனுப்பினேன்.
பணியாளர் பெயர் வாத்து, காரணம் வாத்து.
ஆறும் இரண்டாம் படியில் நின்றன,
வாத்துக்கு மேலதிகாரி யாரென்று தெரியாமல்.
ஏழாவதில் சொந்தப் பெயரையே போட்டேன்:
ஹில்ப்பா ருவோக்கனென்.
விடுப்பு: ஒருநாள், நாளை.
காரணம் என்ற கட்டத்தில் கோடு மினுக்கியது.

'ஆற்றில் பனிக்கட்டி உடைவதைப் பார்க்க வேண்டும்.
பதினோரு வருடமாகப் பாலத்தருகே வேலை.
ஒவ்வொரு வருடமும்
உடைந்த மறுநாள்தான் எனக்குத் தெரிகிறது.'

வாத்துக்கு எழுதியதுபோலத்தான் எழுதினேன்.
அனுப்பு.

இரண்டாம் படி: காத்திருக்கிறது.
காத்திருக்கட்டும். இங்கிருந்து அஞ்சல் எதுவும் வெளியே போகாது,
எல்லாம் ஒரு பொய்ப் பெட்டியில் விழும்.
பெட்டியைத் திறந்தேன்.
காலி.
மறுபடி திறந்தேன்.

அமைப்புக் கோப்பில் நாற்பத்தோராம் வரி.
பொய்ப் பெட்டியின் முகவரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி.
மூன்றாம் கட்டளையோடு மல்லுக்கட்டியபோது
நான் வைத்தது.

வயிற்றில் புளி கரைந்தது.
என் பெயருக்கு மேலே நிஜமாகவே ஒருவர் உண்டு,
ஔவோ சாக்கினென், துறைத் தலைவர்.
அவருக்குப் போயிருக்கிறது, பனிக்கட்டியோடும் பாலத்தோடும்,
இரவு ஒன்று நாற்பதுக்கு.
சர்வரின் கடிகாரம் கிரீன்விச்சில் வாழ்கிறது.
அதற்கு இன்னும் நேற்று, மணி பத்து நாற்பது,
மரியாதையான நேரம்.

மன்னிப்புக் கடிதம் மூன்று எழுதி அழித்தேன்.
நாலாவதன் நடுவில்
திரையின் மூலையில் ஏதோ நகர்ந்தது.
இரண்டாம் படி பச்சை.
மூன்றாம் படி, கணக்குப் பிரிவு, தானாகவே பச்சை.
முடிந்தது.

கீழே அவர் குறிப்பு, ஒரு நிறுத்தக்குறிகூட இல்லாமல்:
எனக்கும் தூக்கமில்லை பாலத்தின் மேற்குத் தூண் பக்கம் நில்
நேற்றே முனகத் தொடங்கிவிட்டது

ஹேஷ் குறியை எடுத்தேன். சேவையை நிறுத்தி
மறுபடி ஏவினேன். பச்சை.
இல்மரியின் திரையில் ஒரு சீட்டு ஒட்டினேன்:
எளிதல்ல. ஏழாம் எண்ணை அழிக்காதே.

சர்வரின் நாளை எனக்கு இன்று.
கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கியபோது நாலு மணி.
மேற்குத் தூணருகே ஏற்கெனவே ஒரு கம்பளித் தொப்பி,
ஒரு பிளாஸ்க், இரண்டு கோப்பை.
தலையசைத்தோம். பேசவில்லை.

ஆறு:
காத்திருக்கிறது.